பந்தியில் அளவறிதல்: சிவாஜிநகரை முன்வைத்து

பண்டிகை விருந்தில் ஒருவர் எவ்வளவு உண்கிறார் என்பதை அவருடைய பசியே தீர்மானிப்பதாக உடல்நல நூல்கள் கருதிக்கொண்டிருக்க, பந்தியில் ஒருமுறையேனும் உட்கார்ந்தெழுந்த எவரும் அதைத் தீர்மானிப்பது பரிமாறுபவரின் கரண்டியே என்று அறிவர். அளவோடு உண்ணுமாறு உண்பவரை நோக்கி மட்டுமே சொல்லப்படும் அறிவுரைகள் ஆண்டுதோறும் தோற்றுப்போவதற்கு இதுவே காரணம். அளவோடு உண்பதும் விருந்தை ரசித்து உண்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதையும், இரண்டுக்கும் பெருந்தடையாக நிற்பது நாக்கைக் காட்டிலும் உபசாரமே என்பதையும் பெங்களூரின் சிவாஜிநகரைக் களமாகக் கொண்டு நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். உபசாரம் என்பது இங்கே, விருந்தினர் வேண்டாம் என்று சொல்லும் பண்டத்தை, அப்படிச் சொல்லும் திராணியை அவர் இழக்கும்வரை அன்போடு வழங்கிக்கொண்டே இருக்கும் செயலைக் குறிக்கும்.

களமாகச் சிவாஜிநகரைத் தேர்ந்துகொண்டதற்குத் தக்க காரணம் உண்டு. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கொசுவோடும் காய்ச்சலோடும் போராடிச் சலித்த ஆங்கிலேயப் படை 1809-இல் பெங்களூருக்கு இடம்பெயர்ந்து கண்டோன்மென்ட் எனப்படும் படைக் குடியிருப்பை அமைத்தபோது, சிப்பாய்களாகவும் ஒப்பந்தக்காரர்களாகவும் வணிகர்களாகவும் கைவினைஞர்களாகவும் தமிழர் பலர் அதனோடு வந்து குடியேறினர். அந்நாளில் பிளாக்பள்ளி என்று வழங்கிய பகுதியே பின்னாளில் சிவாஜிநகர் ஆயிற்று. படை முகாமைக் குறிக்கும் ‘தண்டு’ என்னும் சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கியிருக்கும் தண்டு மாரியம்மன் கோயில், கிளைனர் பாதிரியார் முன்னின்று எழுப்பி 1882 செப்டம்பர் 8 அன்று அர்ச்சிக்கப்பட்ட புனித மரியன்னை ஆலயம், நகராட்சி ஆணையராக இருந்த ரஸ்ஸலின் பெயரால் 1927-இல் எழுந்த ரஸ்ஸல் மார்க்கெட், அதனைச் சூழ்ந்த பள்ளிவாசல்கள் ஆகிய அனைத்தும், வயிறு காலியாக இருக்கும் ஒருவர் மூச்சு வாங்காமல் நடந்து முடிக்கக்கூடிய வட்டத்துக்குள் அமைந்துள்ளன. இவ்வட்டத்துக்குள் வாழ்பவருக்கு மூன்று சமயத்தாரும் அண்டை வீட்டாராக வாய்ப்பர்; மூன்று சமயத்தாரும் தத்தம் பண்டிகைக்கு அவரை அழைப்பர்; அழைத்த வீட்டுக்குப் போகாமல் இருந்துவிட்டு மறுநாள் அதே தெருவில் தலைநிமிர்ந்து நடப்பதற்கான வழியை எச்சமயமும் வகுத்துத் தரவில்லை.

இந்நெருக்கடியை நாட்காட்டி மேலும் கூர்மையாக்குகிறது. இஸ்லாமிய ஆண்டு பிறையைக் கொண்டு கணக்கிடப்படுவதால், நோன்புப் பெருநாள் ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ 11 நாள் முன்னதாக நகர்ந்து, சுமார் 33 ஆண்டு காலத்தில் மற்றெல்லாப் பண்டிகைகளோடும் ஒருமுறை தோள் உரசிவிடுகிறது. 2000-ஆம் ஆண்டில் அது ஜனவரியில் ஒருமுறையும் டிசம்பரில் மறுமுறையும் வந்தது. இரண்டாம் வரவு கிறிஸ்துமஸ் வாரத்திலேயே அமைந்ததால், ஆட்டுக்கறிக் குழம்பும் இட்லியும், கேக்கும், மாவைச் சீப்பின் மேல் உருட்டிப் பொரித்துச் சர்க்கரைப் பாகில் புரட்டும் கல்கல் என்னும் பலகாரமும் செரிப்பதற்குள் பெருநாள் பிரியாணி எதிர்ப்பட, அதைத் தொடர்ந்து புத்தாண்டும் சர்க்கரைப் பொங்கலும் வரிசையில் வந்து நின்றன. மூன்று வாரத்துக்குள் நான்கு விருந்து என்னும் இந்த அமைப்பு, ஆண்டின் இரு முனையிலும் பெருநாள் வரவிருக்கும் 2033-இல் ஏறத்தாழ அப்படியே திரும்பும் என்பதால், சிவாஜிநகர்வாசிகளுக்கு ஆயத்தம் செய்துகொள்ளப் போதிய அவகாசம் இருக்கிறது.

விருந்துகள் பலவாக இருப்பினும், அவற்றை வழங்கும் மரபுகள் வயிற்றின் கணக்கில் வியக்கத்தக்க ஒற்றுமை கொண்டவை. வள்ளுவர் ‘மருந்து’ என்று தலைப்பிட்ட 95-ஆம் அதிகாரத்தில் மூலிகை ஒன்றின் பெயரையும் சொல்லாமல், முன் உண்டது செரித்ததா என்று பார், பசித்தபின் உண், அளவறிந்து உண் என்று தொடர்ச்சியாக ஆறு குறள்களைச் சோற்றுக்கே ஒதுக்கினார். வாக்படர் இயற்றிய அஷ்டாங்க ஹ்ருதயம் என்னும் ஆயுர்வேத நூல், வயிற்றை நான்காகப் பிரித்து இரு பங்கை உணவுக்கும் ஒரு பங்கை நீருக்கும் ஒதுக்கிவிட்டு, எஞ்சிய பங்கைக் காற்றுக்காகக் காலியாக விடச் சொல்கிறது. நபிமொழி, அதாவது நபிகள் நாயகத்தின் சொல்லாக வழிவழியாகப் பதிவானது, வயிற்றை மூன்றாகப் பிரித்து உணவுக்கும் நீருக்கும் மூச்சுக்கும் சமமாகப் பங்கிடுகிறது. 13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கத்தோலிக்க அறிஞர் தாமஸ் அக்குவினாஸ், பெருந்தீனி என்னும் பாவத்தை நேரத்துக்கு முன்பே உண்பது, விலையுயர்ந்ததையே நாடுவது, அளவுக்கு மீறி உண்பது, பறந்து பறந்து உண்பது, பக்குவத்தில் நொட்டை சொல்லி உண்பது என ஐந்து கூறாக்கினார். பண்டிகைப் பந்தியில் இவற்றுள் நான்கையாவது ஒரே அமர்வில் நிறைவேற்றாதவர் அரியர். ஆக, இரண்டாம் முறை பிரியாணி வாங்குவதற்குத் திருநூல் எதுவும் ஆதரவு தரவில்லை. இம்மூன்று மரபுகளிலும் பற்றுடைய மக்கள் மேற்கண்ட வட்டத்துக்குள் திரளாக வாழ்ந்தும் பிரியாணி மீந்ததாக வரலாறு இல்லை என்பதே ஆய்வுக்குரிய புதிர்.

புதிரின் ஒரு பாதியை உடலியல் விளக்குகிறது. இரைப்பை வெறுமையாக இருக்கும்போது சுருங்கிக் கிடந்து, உணவு வரவரத் தளர்ந்து விரிந்து, ஒரு லிட்டருக்கு மேலும் இடங்கொடுக்கும் இயல்புடையது. அது நிறைந்துகொண்டிருக்கும் செய்தியை நரம்புகளும், குடல் சுரக்கும் ஹார்மோன்கள் எனப்படும் வேதித் தூதுவர்களும் மூளைக்குக் கொண்டுசெல்கின்றன. அச்செய்தி முழுமையாகப் போய்ச் சேர ஏறத்தாழ 20 நிமிடம் ஆகும் என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. பந்தியின் அமைப்போ இக்கணக்குக்கு நேர் எதிரானது. அடுத்த பந்திக்குக் காத்திருப்போர், உண்பவரின் நாற்காலி முதுகைப் பற்றியபடி, அவர் ரசத்துக்கு வந்துவிட்டாரா மோருக்கு வந்துவிட்டாரா என்று தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் தம்மையறியாமலே வேகம் கூட்டி இலையை மடித்தெழுகிறார். வயிறு நிறைந்த செய்தி அவரை வந்தடையும்போது அவர் கைகழுவும் இடத்தில் நின்றுகொண்டிருப்பார். பெரும்பாலான ஞானோதயங்கள் நிகழும் இடம் அதுவே.

மறுபாதியை விளக்குவது ‘புலன்சார் நிறைவு’ என்னும் கோட்பாடு. ஒரே சுவையைத் தொடர்ந்து உண்ணும்போது அச்சுவையின் மீதுள்ள நாட்டம் குறைந்துபோக, உண்ணாத வேறு சுவையின் மீதுள்ள நாட்டம் குன்றாமல் நிற்கும் என்பதை பார்பரா ரோல்ஸ் என்னும் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1980-களின் தொடக்கத்தில் சோதனைகளால் காட்டினர். சாம்பார் சாதத்தில் ஒரு கவளமும் இனி இறங்காது என்று அறிவித்தவர் பாயசம் வந்ததும் நிமிர்ந்து உட்காருவதற்குக் காரணம் இதுதான். மாலை ஆறு மணிக்குச் சிவாஜிநகர் பேருந்து நிலையத்திலிருந்து புறப்படும் வண்டியில் நிற்கவும் இடமில்லை என்று பயணிகள் முறையிடும்போது, நடத்துநர் “முந்தே ஹோகி, முந்தே ஹோகி” என்று கன்னடத்தில் குரல் கொடுக்க, இல்லாத இடம் எங்கிருந்தோ உண்டாகி மேலும் பத்துப் பேர் ஏறிக்கொள்வதைப் போல, நிறைந்த வயிறும் புதுச்சுவை ஏறியவுடன் இடம் தந்துவிடுகிறது. பண்டங்களின் எண்ணிக்கை கூடக்கூட உண்ணும் அளவும் கூடும் என்பது இக்கோட்பாட்டின் நேர்விளைவு. இருபது வகை பரிமாறுவதைப் பெருமையாகக் கருதும் விருந்தோம்புவோர், கோட்பாட்டின் பெயரை அறியாமலே அதனை நுட்பமாகக் கையாள்பவராவர்.

இவ்விரு காரணங்களையும் விஞ்சி நிற்பது உபசாரம். அதனை அருகிலிருந்து காண்பதற்குப் பெருநாள் மதிய விருந்தே ஏற்றது. தஸ்தர்கான் எனப்படும் விரிப்பு தரையில் விரிக்கப்பட்டு, விருந்தினர் இருபுறமும் அமர்ந்தபின், தம் போடப்பட்ட தேக்சா, அதாவது மூடியை இறுக்கி அதன் மேல் தணலிட்டுத் தன் ஆவியிலேயே சோறும் கறியும் வேகும்படி வைத்த பெரும் பாத்திரம், திறக்கப்படுகிறது. ஆவி அடங்கும்வரை எவரும் பேசுவதில்லை. சீரகச் சம்பாச் சோற்றை ஓரத்திலிருந்து அடியோடு சேர்த்து வாரி இரண்டாம் முறையும் பரிமாறிவிட்ட வீட்டுக்காரர், விருந்தினரின் தட்டைச் சிறிது நேரம் கவலையோடு பார்த்துவிட்டு, “அண்ணா, ஒரே ஒரு பீஸ் வெக்கறேன்” என்கிறார். “வேணாம் பாய், ஏற்கெனவே ரெண்டு தடவ ஆச்சு” என்று விருந்தினர் தட்டின் மேல் குனிகிறார். “அது சோறுண்ணா. இது கறி” என்று விளக்கம் தரப்பட்டு, விளக்கம் முடியுமுன் கறித்துண்டு தட்டில் இறங்குகிறது. கறியை மட்டும் எப்படிச் சாப்பிடுவது என்று அதற்குத் துணையாகச் சிறிது சோறும், சோறு காய்ந்திருக்கிறதே என்று பருப்பும் எலும்பும் சேர்த்துக் காய்ச்சிய தால்ச்சாவும், தால்ச்சா சேர்ந்ததால் சோறு போதவில்லை என்று மறுபடி சோறும் வருகின்றன. தருக்க நூலார் சக்கரகம் என்று குறை கூறும் இம்முறைக்கு, ஒன்றை நிறுவ மற்றொன்றையும், அதனை நிறுவ மூன்றாவதையும், அதனை நிறுவ மறுபடி முதலாவதையும் காட்டிச் சுழல்வதற்கு, இதைவிடச் சுவையான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இலை விருந்தில் உபசாரத்துக்கு எதிரான தற்காப்பு ‘கைமறிப்பு’ எனப்படலாம். உள்ளங்கையை இலையின் மேல் குடையாக விரித்துப் பண்டம் விழாமல் தடுப்பது அதன் இலக்கணம். பரிமாறுவோர் வழக்கில் முதல் மறிப்பு மரியாதையாகவும் இரண்டாவது கூச்சமாகவும் கொள்ளப்பட்டு, மூன்றாவதே மறுப்பு என்று பதிவாகிறது. அதற்குள் இரண்டு வடை இலையேறிவிடும். சூடான ரசத்தின்போது கைமறிப்பு செல்லுபடியாவதற்குப் பரிமாறுபவரின் இரக்கமே காரணம். நெய்யின்போது அந்த இரக்கமும் இருப்பதில்லை. விரலிடுக்கில் வழிந்த நெய்யை நக்காமல் விடும் மனவுறுதி பலருக்கு இல்லை என்பதும், ஒரு மேசைக்கரண்டி நெய்யில் ஏறத்தாழ 120 கிலோகலோரி, அதாவது பெரிய இட்லி ஒன்றரை தரும் அளவுக்குக் குறையாத எரிசக்தி, அடங்கியிருக்கிறது என்பதும் சேர்த்து எண்ணத்தக்கவை.

ஆகவே அளவறிந்து உண்ண விரும்புபவர் மேற்கொள்ள வேண்டிய முறைகள், வயிற்றை அடக்குவதைக் காட்டிலும் கரண்டியைச் சமாளிப்பதை நோக்கியே அமைதல் வேண்டும். முதலாவது, விருந்தை எதிர்பார்த்துக் காலைச் சிற்றுண்டியைத் துறக்கும் பழக்கத்தைக் கைவிடுவது. துறவறம் பூண்டு வந்தவர் முதல் கால் மணி நேரத்தில் இழந்ததற்கு வட்டி சேர்த்து உண்பாராதலால், இரண்டு இட்லியோடு வருவதே சிக்கனம். இரண்டாவது, எல்லாம் பரிமாறி முடியும்வரை காத்திருந்து இலையை ஒருமுறை முழுதும் நோட்டமிடுவது. எந்நாளும் வீட்டில் கிடைக்கும் அப்பளத்துக்கும் வெள்ளைச் சோற்றுக்கும் இடத்தைத் தாரைவார்த்துவிட்டு, ஆண்டுக்கொருமுறை வரும் ஒப்பட்டுக்கு இடமில்லாமல் நிற்பது அளவறியாமையின் உச்சமாகும்; பருப்பும் வெல்லமும் அரைத்த பூரணத்தை உள்ளே வைத்துத் தட்டிய அந்தப் போளி, கன்னட அண்டை வீட்டாரின் யுகாதி விருந்துக்கே மகுடமானது.

மூன்றாவது முறை வரிசை பற்றியது. நியூயார்க்கின் வெயில் கார்னெல் மருத்துவக் கல்லூரியினர் 2015-இல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவு உடைய 11 பேர் ஒரே உணவை, காய்கறியையும் புரதத்தையும் முதலில் உண்டு மாவுச்சத்தைப் பின்னுக்குத் தள்ளியபோது, அவர்களுடைய ரத்தச் சர்க்கரை குறைவாகவே ஏறியது. ஊறவைத்த பாசிப்பருப்பில் வெள்ளரியும் தேங்காய்த் துருவலும் சேர்த்த கோசம்பரியைக் கர்நாடக இலைவிருந்து தொடக்கத்திலேயே வைத்துவிடுவதும், பிரியாணிக்குப் பக்கத்தில் தயிர்ப் பச்சடியும் கத்தரிக்காயும் இருப்பதும் இவ்வகையில் பெருந்துணை. அவற்றை அலங்காரமாகக் கருதி ஓரங்கட்டாமல் முதலில் உண்பவர், ஆய்வையும் மதித்தவராவார், சமைத்தவரையும் மதித்தவராவார்.

நான்காவதும் தலையாயதுமான முறை மெதுவாக உண்பது. பரிமாறுபவரின் கண் இலையில் காலியிடத்தையே தேடுகிறது. விரைந்து உண்பவர் காலியிடத்தை உண்டாக்கிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். மேலும், வரிசையில் அனைவரும் முடிக்கும்வரை எழக்கூடாது என்பது பந்தி ஒழுக்கமாதலால், முதலில் முடித்தவர் எஞ்சிய நேரம் முழுவதும் வெற்றிலையோடு, இங்கே வெறுமையான இலையோடு என்று கொள்க, பாதுகாப்பற்று உட்கார்ந்திருக்க நேர்கிறது. ஒவ்வொரு பண்டத்திலும் சிறிது வைத்து, அதை மென்று, பக்கத்து இலைக்காரரோடு அவருடைய மகனின் வேலை, மகளின் படிப்பு, மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டிய சாலை ஆகியவற்றைப் பற்றி விரிவாக விசாரித்தபடி உண்பவருடைய இலை எப்போதும் அரைநிறைவாகவே தோன்றுவதால், கரண்டி அவரைக் கடந்து போகிறது. மூளைக்குச் செய்தி போய்ச் சேரவும் வேண்டிய நேரம் கிடைக்கிறது. சுவையின் நாட்டம் முதற்கவளங்களிலேயே மிகுந்திருந்து பின்னர் தேய்வதால், பத்துக் கவளம் பாயசம் உண்டவர் நான்கு கவளத்தில் நிறுத்தியவரைக் காட்டிலும் கூடுதலாகப் பெற்ற இன்பம் மிகச் சொற்பம். எண்பது விழுக்காடு நிறைந்ததும் நிறுத்தும் ஒகினாவாத் தீவினரின் ‘ஹரா ஹாச்சி பு’ என்னும் வழக்கம் உலகெங்கும் போற்றப்படுகிறது. அத்தீவினர் சிவாஜிநகர்ப் பெருநாள் விருந்தில் உட்கார்ந்தும் அதைக் காத்துக்கொண்டால் அப்போது போற்றுதல் முழுமை பெறும்.

இனிப்பைப் பொறுத்தவரை நகைச்சுவைக்குச் சற்றே ஓய்வு கொடுக்க வேண்டியுள்ளது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. எனவே எந்தப் பந்தியிலும் ஒருசிலரேனும் அவர்களாக இருப்பர். பேரீச்சையும் சேமியாவும் பாலில் கலந்த ஷீர் குர்மாவுக்கு ஈடாக மாத்திரையில் ஒன்றைக் கூட்டிக்கொள்வது மருத்துவமாகாது; அது மருத்துவரைக் கலந்தாலோசிக்காமல் செய்யும் பண்டமாற்று. அவர்களுக்கு உகந்தது, சிறு கிண்ணத்தில் பாதியளவு கேட்டு வாங்கி, அதை உணவின் இறுதியில் உண்டு, உண்டபின் நடப்பது. சில நிமிட நடையும் ரத்தச் சர்க்கரையின் ஏற்றத்தைத் தணிக்கும் என்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

நடப்பதற்குரிய பாதையைத் தேர்வதில் விழிப்பு வேண்டும். புனித மரியன்னை ஆலயத்திலிருந்து ரஸ்ஸல் மார்க்கெட்டைச் சுற்றி, பழைய ஏழையர் விடுதியின் பெயரைத் தாங்கிய ஓல்ட் புவர் ஹவுஸ் சாலை வழியாகக் கமர்ஷியல் தெருவை அடையும் நடை, தொலைவளவில் மிகப் பொருத்தமானது. ஆயினும் ரம்ஜான் மாதத்து மாலையாக இருப்பின் சமோசா, சீக் கபாப், ஹலீம், மண்சட்டியில் உறைந்த ஃபிர்னி என்று ஒவ்வொரு பத்தடிக்கும் ஒரு சோதனை காத்திருக்கும் என்பதால், செரிப்பதற்காகப் புறப்பட்டவர் புதிய சுமையோடு திரும்பியதற்கு முன்னுதாரணங்கள் உண்டு. மைசூர் ஆணையராக இருந்த பௌரிங்கின் பெயரால் 1868 முதல் இயங்கிவரும் மருத்துவமனை இதே சுற்றுவட்டாரத்தில் இருப்பதைத் துணிவுக்கான காரணமாகக் கொள்ளுதல் தகாது.

இத்தனை முறைகளையும் கடைப்பிடித்தும் உபசாரத்தை வெல்ல இயலாதவர்க்கு எஞ்சியிருக்கும் கருவி டிபன் கேரியர். அன்பு வயிற்றுக்குள்தான் போய்ச் சேர வேண்டும் என்று விருந்தோம்புவோர் வற்புறுத்துவதில்லை. அது தம் வீட்டைவிட்டுப் புறப்பட்டுப் போவதைக் கண்ணால் கண்டாலே அவர்கள் நிறைவடைகின்றனர். “இப்ப முடியலக்கா, ராத்திரிக்குக் கட்டிக் குடுங்க” என்னும் ஒரு வாக்கியம், மூன்று கைமறிப்பால் ஆகாததை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறது. வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்பது இவ்வட்டாரத்தில் எல்லா வீட்டுக்கும் பொதுவான விதியாதலால், பிரியாணி போன அடுக்கில் அதிரசமும், அதிரசம் வந்த டப்பாவில் ரோஸ் குக்கியும், வேறெதுவும் இல்லாத வீட்டில் ஒரு பிடி சர்க்கரையேனும் திரும்பிச் செல்கின்றன. எந்தப் பாத்திரம் எந்த வீட்டுக்கு உரியது என்பது சில ஆண்டுகளில் எவருக்கும் விளங்காமல் போய்விடும். இச்சுற்று, உண்ணும் அளவுக்கும் உறவின் அளவுக்கும் தொடர்பில்லை என்பதற்குக் கிடைக்கும் தெளிவான சான்று.

இறுதியாக, இவ்வாய்வின் வரம்பும் குறிக்கப்பட வேண்டும். மேற்கண்ட முறைகள் அனைத்தும் விருந்தாளியாக இருக்கும்வரை மட்டுமே ஒருவருக்கு விளங்குகின்றன. கைமறிப்பின் நியாயத்தை அக்கம்பக்கத்தாருக்கு எடுத்துரைத்தவரும், வாக்படரின் நான்கு பங்கை விரல்விட்டு எண்ணிக் காட்டியவரும், தம் வீட்டு விசேஷத்தில் கரண்டியைக் கையில் எடுத்த மறுகணமே, எதிரிலிருப்பவரின் விரிந்த கையை மரியாதை என்றும் கூச்சம் என்றும் பெயரிட்டு விலக்கத் தொடங்கிவிடுகின்றனர். ஆதலால் சீர்திருத்தம் வேண்டுவோர் உண்பவர்க்குப் போதிப்பதை நிறுத்திக்கொண்டு, பாத்திரங்களை நடுவில் வைத்து அவரவரே எடுத்துக்கொள்ளச் செய்வது, கரண்டியின் அளவைக் குறைப்பது, இருமுறைக்கு மேல் கேட்பதில்லை என்று வீட்டார் அனைவரும் முன்கூட்டியே ஒப்புக்கொள்வது ஆகிய மூன்றையும் விருந்தோம்புவோரிடம் வலியுறுத்துவதே பயன் தரும். முதலிரண்டும் எளிதில் நடைமுறைக்கு வரக்கூடியவை. மூன்றாவதை ஏற்றுக்கொண்ட வீட்டுக்கு, “என்ன, அவங்க வீட்ல சரியாக் கூடக் கேக்கல” என்னும் பெயர் தெரு முழுக்க வந்து சேரும் என்பதால், அதனை முதலில் பக்கத்து வீட்டார் தொடங்கிவைப்பதே முறை என்று இவ்வட்டாரத்தார் ஒருமனதாகக் கருதுகின்றனர்.